மாதச் சம்பளம் இல்லாத வீடுகள்

நல்ல சுகத்தோடு இருக்கிறவர்களிடம் போய், "உங்களுக்கு ஒரு வருத்தம் வந்தால்..." என்று பேச்சைத் தொடங்குவதுதான் என்னுடைய உத்தியோகம்.

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை பார்த்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. சனத்தொகைக் கணக்கு எடுத்திருப்பீர்கள், வாக்காளர் இடாப்பு எழுதியிருப்பீர்கள், பூச்சாடித் தண்ணீரில் நுளம்புக் குடம்பி தேடியிருப்பீர்கள். படலையைத் திறந்ததும் நாய் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதும், "இருங்கோ, வாறன்" என்று உள்ளே போனவர் அரிசி போட்டுவிட்டுத்தான் திரும்பி வருவார் என்பதும் உங்களுக்கும் தெரியும். எனக்கு வாய்த்த ஊர்கள் மல்லாவி, பூநகரி, பளை, முல்லைத்தீவுப் பக்கம். வாய்த்த காலம், சண்டை நின்று கண்டி வீதி திறந்திருந்த அந்தச் சில வருடங்கள். பஸ்ஸின் யன்னலோரத்தில் பாதி நித்திரையில் போகும்போது இதெல்லாம் உண்மைதானா என்று இருக்கும். கண்ணை முழுதாகத் திறந்தால் கலைந்துவிடுமோ என்று பயந்து, நான் பாதி மூடியபடியே போய்வந்த வருடங்கள் அவை.

கமக்காரருக்கும் மீன்பிடிக்கிறவர்களுக்கும் மற்றச் சிறுதொழில்காரருக்கும் அரசாங்கம் ஒரு சுகக்காப்புத் திட்டம் கொண்டுவந்தது. சந்தாவில் பெரும் பங்கை அரசாங்கமே கட்டும். மிச்சம் சிறு பங்கை வீட்டுக்காரர் கட்டினால் ஓர் அட்டை கிடைக்கும். எங்கள் நாட்டில் ஆஸ்பத்திரி இலவசம். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவது இலவசமில்லை. வான் கூலி, வெளியில் செய்யும் பரிசோதனை, வெளியில் வாங்கும் மருந்து, மூக்குக்கண்ணாடி, கட்டிலில் படுத்திருந்த நாட்களின் உழைப்பு, இவற்றையெல்லாம் அந்த அட்டை பார்த்துக்கொள்ளும். நிபந்தனை ஒன்றுதான்: அந்த வீட்டில் மாதச் சம்பளம் எடுக்கிறவர் ஒருவரும் இருக்கக் கூடாது.

என்னுடைய மேலதிகாரி நல்லவர். ஆனால் அவரை ஒரு கவலை விடாமல் அரித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும், தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்பார்: "பிள்ளை, வருத்தத்துக்கும் காசு வருமெண்டால் சனம் சோம்பல் படாதோ?" பார்த்துச் சொல்கிறேன் என்பேன். பார்த்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடலுக்கு ஒரு அட்டை

பூநகரிக்கு பஸ், தான் நினைத்தால் வரும். வந்தாலும் கடனீரேரிக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து நடக்க வேண்டும். ஒரு பக்கம் வயல், மற்றப் பக்கம் வானமும் நீரும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று தெரியாத வெளிர்நீலம். அன்றைக்குக் கடலைக் கலக்கும் சோளகக் காற்று என் தொப்பியைப் பறித்துக்கொண்டு போனது. வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏறிக் கிடந்தன. அவற்றின் மறைவில் குந்தியிருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் திட்டத்தை விளக்கினேன். ஆஸ்பத்திரியில் படுத்தால், தொழிலுக்குப் போகாத நாளுக்கும் ஒரு தொகை கிடைக்கும் என்றேன். அவருடைய கை நின்றது.

"போகாத நாளுக்கோ?"

"ஓம் அண்ணை."

"இந்தச் சோளகம் துவங்கின நாள் தொட்டு நான் போகேல்லை. அதுக்கும் தருவியளோ?"

"இல்லை, உங்களுக்கு வருத்தம் வந்தால் மட்டும்தான்."

அவர் ஒரு முடிச்சைப் போட்டு இழுத்துப் பார்த்தார். பிறகு, வாசலில் நிற்கும் சொந்தக்காரரைக் காட்டுவதுபோலக் கடலைக் கையால் காட்டினார்.

"எனக்கு வருத்தம் வாறது குறைவு, மிஸ். இதுக்குத்தான் அடிக்கடி வாறது. இதின்ர பேரில ஒரு அட்டை எழுதுங்கோ."

கட்டிலில் ஒரு தலையணை

ஆஸ்பத்திரியில் இருப்பவர் உண்மையாகவே கட்டிலில் இருக்கிறாரா என்று பார்ப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. கட்டிலில் இல்லாத நாளுக்கு உதவிப் பணம் இல்லை. ஒரு சிறுபோக காலத்தில், கனகு அண்ணையைப் பார்க்கக் காலையிலேயே மல்லாவி ஆஸ்பத்திரி வார்ட்டுக்குப் போனேன். வவுனிக்குளத்து வாய்க்கால் ஒன்றில் வயல் வைத்திருப்பவர். அவருடைய தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்துக் காடு வெட்டியவர். கனகு அண்ணைக்குச் சிறுநீரக வருத்தம். கால் இரண்டும் வீங்கி, சாலைன் ஏறிக்கொண்டிருக்க வேண்டியவர். கட்டிலில் ஒரு தலையணை நீட்டுக்குப் படுத்து, கழுத்துவரை போர்த்துக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கட்டில்காரர் கூரையைப் பார்த்தபடி, "அவர் கக்கூசுக்குப் போயிட்டார், மிஸ்" என்றார்.

"எப்ப?"

"விடியேக்க."

சைக்கிளை வாய்க்கால் கரையில் ஏற்றினேன். தண்ணீருக்கு மேல் பனிப்புகார் இன்னும் கலையவில்லை. கொக்குகள் புகாருக்குள் நின்றபடியே நித்திரை கொள்வது போலிருந்தது. அதற்குள்ளே முழங்கால் தண்ணீரில் கனகு அண்ணை நின்றார். வலக்கையில் மண்வெட்டி. ஊசி குத்திப் பிளாஸ்டர் ஒட்டிய இடக்கை, ஆசீர்வாதம் செய்வதுபோல மேலே நின்றது. அந்தக் கை நனையாமல் பிடித்துக்கொண்டு, வரம்பில் நின்று அவரை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவி யோகம். சிறுபோகம் கோடைப் பயிர், குளத்தில் தண்ணீர் குறைவு. வாய்க்கால் முழுவதற்கும் ஒரே நேரத்தில் விட முடியாது. தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை, முறை பிரித்து ஒவ்வொரு வயலாகத் திறந்துவிடுவார். தவறவிட்டால் முறை சுற்றி வரும்வரை பயிர் காத்திருக்காது.

இன்றைக்கு உதவிப் பணம் இல்லை என்று கனகு அண்ணைக்குச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. மடை வாயில் ஒரு வெட்டு மண் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அது நியாயம்தான், மிஸ். வருத்தம் நாளைக்கும் இருக்கும். முறை இண்டைக்குத்தான்."

கண்ணாடி

பளையில் வீதியோரத் தகரக் கொட்டிலில் அரியம் அண்ணை சட்டை தைத்தார். கண் மங்கிப்போயிருந்தது. ஊசிக்கு நூல் கோக்க, வீதியால் போகிறவர்களைக் கூப்பிடுவார். அட்டையில் அவருக்கு ஒரு கண்ணாடி எடுத்துக் கொடுத்தேன். இனி இரட்டிப்பு வேலை செய்வார், மேலதிகாரியிடம் பெருமையாகச் சொல்லலாம் என்று எனக்குள் சந்தோஷம்.

அடுத்த முறை போனபோது மேசையில் புதுத் துணி ஒன்றுமில்லை. பழைய சட்டைகள் குவிந்து கிடந்தன. ஊரைக் கூப்பிட்டு, தான் முன்பு தைத்த சட்டைகளையெல்லாம் திருப்பி வாங்கியிருந்தார். ஒவ்வொன்றாகத் தையல் பிரித்து, கூலி வாங்காமல் மறுபடி தைத்துக்கொண்டிருந்தார். புது வேலைக்கு ஆள் வந்தால், இதுகள் முடியட்டும் என்று திருப்பி அனுப்பினார். இதை உழைப்பு என்று எழுதுவதா, உழைக்கவில்லை என்று எழுதுவதா? நான் யோசித்துக்கொண்டு நிற்க, அவர் ஒரு கழுத்துப்பட்டியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அது ஒரு பக்கம் சாய்ந்து, தூங்கி வழிகிறவரின் தலைபோல இருந்தது.

"இதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கும் போய் வந்து, எனக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லை. எங்கட சனம் எவ்வளவு நல்ல சனம், மிஸ்!"

மற்ற அடுப்பு

தண்ணீரூற்றுப் பக்கம், இடம்பெயர்ந்திருந்து திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்களில் ஒன்று ஹாஜரா ராத்தாவுடையது. வந்து வீடு திருத்திக் குடியேறிய கையோடு, அந்த வீட்டு மருமகனுக்கு ஓர் அலுவலகத்தில் கிளார்க் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம். ராத்தாவுக்கோ இழுப்பு. சுருதிப்பெட்டியைப்போல நெஞ்சு கத்தும். அட்டை போனால் அவருடைய மருந்தும் போகும். மருமகன் வேலையை விடுவதா, ராத்தா அட்டையை விடுவதா என்று அந்த வீட்டில் சில நாள் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

எங்கள் சட்டத்தில் ஒரு குசினி என்றால் ஒரு குடும்பம். நான் அடுத்த முறை போனபோது, வீட்டுக்குப் பின்னால் கிடுகுக் கூரை போட்ட புதுக் குசினி ஒன்று நின்றது. அது மகளும் மருமகனும் வேறாகச் சமைக்கும் இடம் என்றார்கள். எட்டிப் பார்த்தேன். மண் பூசிய அழகான அடுப்பு. சாம்பல் என்று ஒரு துளி இல்லை. அடுப்புக்குள் பூனை ஒன்று குட்டிகளோடு சுருண்டு படுத்திருந்தது. அடுப்பை எண்ணச் சொல்லித்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். எரிகிறதா என்று பார்க்கச் சொல்லவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ராத்தா, புகை ஒரு குசினியிலதானே வருகுது?"

ராத்தா தேத்தண்ணியை என் கையில் தந்தார்.

"மற்ற அடுப்பு நோன்பு பிடிக்குது, மிஸ்."

அரை மாதம்

அந்தச் சிறுபோகத்தோடு கனகு அண்ணைக்கு வயல் வேலை முடிந்துபோனது. காணியைக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். யோகம் அக்கா, மல்லாவிக்கு வெளியே சின்னராசா ஐயாவின் அரிசி மில்லுக்கு நாட்கூலிக்குப் போனார். நெல் ஊறவைத்து, அவித்து, சீமெந்துத் தளத்தில் பரவிக் காயவிடும் வேலை. விடியற்காலையில் அந்த மில்லைக் கடந்து போகும்போது, அவித்த நெல்லின் ஆவிக்குள்ளே பெண்கள் இடுப்புவரைதான் தெரிவார்கள். மேகத்தைக் கூட்டி அள்ளுகிறார்களோ என்று தோன்றும்.

யோகம் அக்காவுக்கு அவியல் பதம் நன்றாகப் பிடிபட்டது. பல்லால் ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்து, "இறக்குங்கோ" என்பார். இறக்கினால் சரியாக இருக்கும். சின்னராசா ஐயா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் தன் வீட்டு விறாந்தையிலிருந்து கைபிடி வைத்த கதிரை ஒன்றைக் கொண்டுவந்து, தளத்தின் ஓரத்து வேப்பமரத்தின் கீழ் போட்டார். அவிப்பதும் காயவிடுவதும் இனி உன் பொறுப்பு, இதில் இருந்து பார், மாதச் சம்பளம் தருகிறேன் என்றார்.

யோகம் அக்கா அன்று பின்னேரம் நேரே என் அலுவலகத்துக்கு வந்தார். முகம் வெளிச்சமாக இருந்தது. கதிரையில் சும்மா ஒருக்கால் இருந்து பார்த்தாராம். தளம் முழுவதும் தெரிந்ததாம். பிறகு, இருக்கச் சொல்லியும் இருக்காமல், அட்டைக்கு என்ன ஆகும் என்று கேட்டார். சட்டம் எனக்கு மனப்பாடம். மாதச் சம்பளம் என்றால் அட்டை இல்லை. நாட்கூலி என்று பேர் வைத்தாலும், ஒரே ஆள் மாதம் முழுக்க ஒரே இடத்தில் வேலை செய்தால் அதுவும் மாதச் சம்பளம்தான். சொல்லி முடித்தேன். கனகு அண்ணைக்கு மாதாமாதம் ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டி வவுனியாவில் கிளினிக். இடையிடையே வெளியில் பரிசோதனை. அட்டை இல்லையென்றால் அக்காவின் சம்பளம் முழுவதும் அந்த வானுக்குள் ஏறி ஓமந்தையைத் தாண்டிப் போய்விடும். அதை நான் சொல்லவில்லை. அவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றதில், அதை அவரே கண்டுவிட்டார் என்று தெரிந்தது.

படலைவரை போனவர் திரும்பி வந்தார்.

"மிஸ், உங்கட சட்டத்தில அரை மாதம் எண்டு ஒண்டு இருக்கோ?"

ஒரு வாய்க்கால்

சில காலம் கழித்து மில்லுப் பக்கம் போனேன். வேப்பமரத்துக் கதிரையில் இருந்தது யோகம் அக்கா இல்லை. அதே வாய்க்காலின் கடைசி வயல்காரி மணி. பிறகொரு முறை போனால் வேறொருவர். விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. யோகம் அக்கா அன்றைக்கு என்னிடமிருந்து நேரே வட்டவிதானையிடம் போயிருக்கிறார். கதிரை ஒன்று, அட்டைக்காரர் பலர், ஒருவர் முழுதாக எடுத்தால் அவருக்கே நட்டம் என்று, தண்ணீர் வழக்கைச் சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறார். விதானையாரும் சிரிக்காமல் கேட்டு, ஒரு நாள் யோசித்து, முறை பிரித்துக் கொடுத்துவிட்டார். நாலு பெண்கள், மாதத்தில் ஆளுக்கொரு கிழமை, அதாவது ஒரு வாரம், நாட்கூலி. தண்ணீரில் எப்போதும் பாதிக்கப்படுவது கடைசி வயல் என்பதால், முதல் முறை மணிக்கு.

மணியின் முதல் கிழமையில் நெல் வெடித்துப் பூப்பூவாக விரிந்ததாம். இன்னொருவரின் கிழமையில் அரிசியின் நடுவில் வேகாத வெள்ளை நின்றதாம். யோகம் அக்கா தன் முறை இல்லாத நாட்களிலும் வந்து, அவர்களுடைய வாயில் நெல்லை வைத்துக் கடிக்கப் பழக்கினார். எனக்கு மேலதிகாரியின் கேள்வி நினைவுக்கு வந்தது. முழு மாதமும் உழைக்கக்கூடிய ஒருவர் கால் பங்குதான் உழைக்கிறார். கூலிக்கே போகாத மூன்று பேர் கால் பங்கு கால் பங்காக உழைக்கிறார்கள். அட்டை சனத்தைச் சோம்பலாக்கியதா, எழுப்பிவிட்டதா? வேப்பம்பூ உதிர்ந்த அந்தக் கதிரையைப் பார்த்தபடி நின்றேன். பதிலுக்கு முந்திச் சின்னராசா ஐயா வந்தார். தலையைச் சொறிந்துகொண்டு பக்கத்தில் நின்றார்.

"நான் ஒரு ஆளைக் கேட்டனான், பிள்ளை. ஒரு வாய்க்காலைத் தந்திருக்கினம்."

மழை

யாரோ மேலதிகாரியின் காதில் போட்டுவிட்டார்கள், மல்லாவியில் ஓர் அட்டைக்காரி மில்லில் நிரந்தர வேலை பார்க்கிறார் என்று. நேரில் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். உண்மையென்றால் அட்டை இரத்து. அந்தச் சமயம் கனகு அண்ணையைக் கண்டிக்கு ஒரு பெரிய பரிசோதனைக்குக் கொண்டுபோக வான் பேசியிருந்தார்கள். அட்டை போனால் அந்த வானும் இல்லை.

ஜீப்பில் வரும்போது எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அந்தக் கிழமை முறைக்காரி மட்டும்தான் கதிரையில் இருப்பார். கேட்டால், இந்தக் கிழமை நாட்கூலிக்கு வந்தேன் என்பார். அதில் குற்றமில்லை. ஆனால் வாய்க்கால்காரரின் பழக்கம் ஒன்றை நான் மறந்துபோனேன். நீர்ப்பாசன எஞ்சினியர் வாய்க்காலின் மதகை, துருசைப் பார்க்க வருகிறார் என்றால், அந்த வாய்க்காலில் பங்குள்ள ஒருவர் விடாமல் துருசடியில் வந்து நிற்பார்கள். நிற்காதவரின் பங்கு வெட்டுப்பட்டுவிடும் என்பது அவர்களுடைய பயம். நாங்கள் போய் இறங்கியபோது, நாலு பெண்களும் கோயிலுக்குக் கட்டும் சீலையோடு கதிரையைச் சுற்றி நின்றார்கள். பக்கத்தில் விதானையார். ஒரு சாக்கின் மேல் கனகு அண்ணை. கதிரை வெறுமையாக நடுவில் இருந்தது.

"இதில ஆர் வேலை செய்யிறது?" என்றார் மேலதிகாரி.

"நான்தான் சேர்" என்று நாலு குரல்.

"நாலு பேரும் ஒரே நேரத்திலயோ?"

"சீச்சீ, முறையில, சேர்" என்றார் மணி.

விதானையார் முன்னுக்கு வந்து, ஒன்றையும் ஒளிக்காமல், மிகுந்த பெருமையோடு, கடைசி வயலிலிருந்து தொடங்கி முழுவதையும் விளக்கினார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேலதிகாரி கேட்டு முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப, நாலு பேரையும் சேர்த்தால் இது ஒரு மாதச் சம்பளம்."

யோகம் அக்கா தன் கணவரைப் பார்த்தார். மேலதிகாரி மறுபடி வாயைத் திறந்தார். அந்த நேரத்தில் அவருடைய கண்ணாடியில் ஒரு துளி விழுந்தது.

தளம் முழுவதும் நெல் காய்ந்துகொண்டிருந்தது. வெளியாட்களுக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்துவது கடினம். காய்கிற நெல்லின் மேல் முதல் துளி விழும்போது ஒருவரும் ஒருவருக்கும் ஒன்றும் சொல்வதில்லை. நாலு சீலையும் இடுப்பில் ஏறியது. விதானையார் நெல் மூடும் தார்ப்பாய்ப் படங்கை இழுத்தார். சின்னராசா ஐயா செருப்பில்லாமல் ஓடினார். நானும் ஓடினேன். நெல் வழிக்கும் பலகைகள் சீமெந்தில் உரசும் சத்தமும், தூரத்தில் காட்டின் மேல் நடந்து வரும் மழையின் சத்தமும் ஒன்றாகக் கலந்து, இது எங்கேயோ முன்பு கண்ட கனவு என்று எனக்குத் தோன்றியது. நிமிர்ந்து பார்த்தால், தளத்தின் மற்றப் பக்கத்தில், காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு ஒரு பெரிய பலகையைத் தள்ளிக்கொண்டு வருகிறார் எங்கள் மேலதிகாரி. அவரும் ஏதோ ஒரு ஊரில் நெல் காய்ந்த முற்றத்தில் வளர்ந்தவர்தான். ஓட முடியாத கனகு அண்ணை, குவித்த நெல்லை மூடிய படங்கின் ஒரு முனையில் ஏறி, காற்று தூக்காதபடி பாரமாக உட்கார்ந்துகொண்டார்.

மழை வெளுத்து வாங்கியது. எல்லாரும் மில்லுத் தாழ்வாரத்தில் நனைந்து, மூச்சு வாங்கி, சூட்டு நெல்லின் மணத்துக்குள் நின்றோம். மணி தலையைத் துவட்டியபடி, "சேர் நல்லா வழிக்கிறார். ஆனால் மாதச் சம்பளக்காரருக்கு எங்களிட்ட முறை இல்லை" என்றார். முதலில் சிரித்தவர் மேலதிகாரி. அட்டையைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவில்லை. யோகம் அக்காவும் கேட்கவில்லை. கேட்காமலேயே தேத்தண்ணி கொடுத்தார். மழை விட்டதும் மேலதிகாரி ஜீப்பில் ஏறி, கதவைச் சாத்தப் போனவர், வேப்பமரத்தடியில் நனைந்து நின்ற கதிரையைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"நான் வந்த நேரம் மழை. கதிரையில ஒருத்தரும் இருக்கேல்லை. உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ, பிள்ளை."

மற்றப் பாதி

கனகு அண்ணை கண்டிக்குப் போய்வந்தார். மருந்து மாற்றினார்கள். கால் வீக்கம் கொஞ்சம் வற்றியது. வீதி மறுபடி பூட்டப்படுவதற்கு முந்திய வருடம் ஒரு பின்னேரம், வவுனியாவிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அவர்கள் இருவரையும் கண்டேன். கனகு அண்ணை யன்னலில் தலை சாய்த்துக் கண் மூடியிருந்தார். பொழுது சாய்ந்து, பாலை மரங்களின் நிழல்கள் வீதியில் நீண்டு கிடந்தன. பஸ் அவற்றை ஒவ்வொன்றாகக் கடக்கும்போது உள்ளே இருளும் வெளிச்சமும் மாறி மாறி அவர் முகத்தில் போனது. நான் யோகம் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அட்டை தப்பியது நல்லதாகப் போயிற்று என்றேன்.

"ஓம், அந்தச் சேர் நல்ல மனுசன்" என்றார். பிறகு கணவரின் தலை யன்னலில் இடிபடாமல் தன் சீலைத் தலைப்பை மடித்து வைத்தார். அவர் நித்திரை என்றே நான் நினைத்தேன்.

"மிஸ், நான் ஒண்டு சொன்னால் பிழையாக நினைக்கக் கூடாது. என்ர கிழமை முடிஞ்சு எழும்பேக்க, ஒவ்வொரு முறையும் அந்தக் கதிரையைத் திரும்பிப் பாக்கிறனான். இந்த அட்டை இவரை எனக்குத் தந்தது. ஆனால் அந்தக் கதிரையைக் கால்வாசிதானே விட்டது? எனக்கு அது முழுசாய் வேணும். மற்ற மூண்டு பேரும் இப்ப நல்லாய் அவிக்கினம், அவையளுக்கும் ஐயா வேற வேலை குடுப்பார். இவருக்கு நல்ல சுகம் வந்து, அட்டை வேண்டாமெண்டு உங்கட கையில திருப்பித் தாற நாள் ஒண்டு வரோணும். வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்குவன் எண்டு நேர்ந்திருக்கிறன்." குரலைத் தாழ்த்தினார். "உண்மையைச் சொன்னால், நேர்த்தியில பாதி அந்தக் கதிரைக்காகத்தான்."

கனகு அண்ணை கண்ணைத் திறக்கவில்லை. ஒரு நிழல் அவருடைய முகத்தைக் கடந்து போகும்வரை பொறுத்துவிட்டுச் சொன்னார்:

"மற்றப் பாதி எனக்கெண்டால் போதும், யோகம்."

சலுகை கொடுத்தால் சனம் உழைக்காது என்று இன்றைக்கும் யாராவது சொன்னால் நான் மறுத்துப் பேசுவதில்லை, அவருடைய வீட்டு முற்றத்தில் நெல் காயும் நாளாகப் பார்த்து ஒரு மழை வரட்டும் என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.